கண்ணகியை வளர்த்தவள் பேர் என்ன?

கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்த ஒரு விஷயம். இன்னைக்கு எழுதி இறக்கி வச்சுடலாம்னு உட்கார்ந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பக்கத்துல ஒரு டம்ளர் காபி வச்சுக்கிட்டுப் படிங்க :-)

எல்லாம் 'ஆயா'ங்கிற சொல்லுல ஆரம்பிச்சது. செட்டிநாட்டுப் பக்கம் ஆயான்னா அம்மாவைப் பெத்த பாட்டி. வட மாவட்டங்கள்லயும் பாட்டியை ஆயான்னு கூப்பிடறதைக் கேட்டிருக்கேன். பள்ளிக்கூடத்துல, பால்வாடியில, ஆஸ்பத்திரியில ஆயான்னா வேலை பாக்குற அம்மா. வெள்ளைக்காரன் வீட்டுல பிள்ளையைத் தூக்கி வளர்த்தவளும் ஆயாதான். இந்தக் கடைசி ஆயா போர்ச்சுகீசிய மொழியிலேர்ந்து வந்த சொல் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். அவங்க மொழியில 'ஐயா' மாதிரி ஒலிக்கும், பிள்ளை வளர்க்கிற பெண் என்று அர்த்தம். அதுக்கும் மூலம் லத்தீன்ல பாட்டியைக் குறிக்கிற ஒரு சொல்லாம். நம்ம ஊர்ல தாய்க்கு 'ஆய்', 'யாய்' என்ற பழைய சொற்கள் ஏற்கனவே இருந்ததால, கப்பல்ல வந்த சொல் வந்த சுவடே தெரியாம நம்ம பாட்டியோட பக்கத்துல உட்கார்ந்துக்கிச்சு.

ஆனா போர்ச்சுகீசியன் வர்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்மகிட்ட இந்த வேலைக்கு ஒரு நல்ல சொல் இருந்தது. செவிலி. நர்ஸுக்கு இன்னைக்கு நாம வச்சிருக்கிற 'செவிலியர்' அதே சொல்தான். நிகண்டுக்காரர்கள் இதைப் பிரிச்சுப் பிரிச்சு ஐவகைத் தாயர்னே சொல்லியிருக்காங்க. குளிப்பாட்ட ஒருத்தி, சோறு ஊட்ட ஒருத்தி, தாலாட்டித் தூங்க வைக்க ஒருத்தி, பேச்சுப் பழக்க ஒருத்தி, இடுப்பிலேயே வச்சுக்க ஒருத்தி. (ஒரே ஆளா அஞ்சு வேலையும் பாக்குற இன்னைக்கு அம்மாக்கள் பெருமூச்சு விட்டுக்கலாம்!) குறுந்தொகை 167-ஆம் பாட்டு ஞாபகம் இருக்கா? புதுப்பொண்ணு தயிர் பிசைஞ்ச கையைத் துணியில தொடைச்சுக்கிட்டு, தாளிப்புப் புகை கண்ணுல பட சமைச்சு, புருஷன் சாப்பிடறதைப் பாத்து முகம் மலர்றாளே, அந்தப் பாட்டு. அதைப் பாத்துட்டு வந்து பெத்தவகிட்ட சொல்றவ செவிலி. நற்றிணை 110-ல பால் கிண்ணத்தையும் சின்னக் கோலையும் வச்சுக்கிட்டு, நரைச்ச தலையோட குழந்தை பின்னாடி ஓடி மூச்சு வாங்குறவங்களும் செவிலியர்தான். பெத்தவளை நற்றாய்னு சொல்லிட்டு, கவலைப்படறது, தேடறது, கண்டிக்கிறது இதெல்லாம் பெரும்பாலும் செவிலி தலையில வச்சிருக்காங்க சங்கக் கவிஞர்கள்.

இதையெல்லாம் படிச்சு எனக்கும் பெருமையாத்தான் இருந்தது. அப்புறம்தான் சிலப்பதிகாரத்தைத் திருப்பினேன்.

சிலப்பதிகாரத்தோட முதல் காண்டம் எங்க காவிரி காவிரியாகவே கடலைத் தொடுற இடத்துல, பூம்புகார்ல நடக்குது. கண்ணகியைப் பெத்தவ உண்டு, அப்பன் மாநாய்கன் பேரு உண்டு, மாமனார் மாசாத்துவான் பேரு உண்டு. கண்ணகிக்காக நோன்பு இருக்கிற பார்ப்பனத் தோழி தேவந்தி, அவ பேரும் உண்டு. வஞ்சிக் காண்டத்துல வாழ்த்துக் காதைன்னு ஒரு பகுதி. மதுரை எரிஞ்ச கதையெல்லாம் கேள்விப்பட்டு, புகார்லேர்ந்து தேவந்தி கிளம்பறா. கூட ரெண்டு பேர். கண்ணகியை வளர்த்த செவிலி ஒருத்தி, அந்தச் செவிலி பெத்த மக ஒருத்தி. மதுரைக்கு வந்து, ஆய்ச்சி மாதரி இறந்துபோனதைக் கேட்டு, அவ மக ஐயையையும் கூட்டிக்கிட்டு, வையைக் கரையோட போய் மலைநாட்டுக்கு ஏறி, செங்குட்டுவன் கோயில் எடுத்த இடத்துல நின்னு அழறாங்க. தஞ்சாவூர்ச் சீமைக் கடற்கரையிலேர்ந்து சேரநாட்டு மலைக்கு! எத்தனை நாள் நடந்திருப்பாங்க?

தேவந்திக்குப் பேர் இருக்கு. மாடு வளர்க்கிற வீட்டுப் பொண்ணு ஐயைக்குப் பேர் இருக்கு. செவிலிக்கு 'காவற்பெண்டு'. அவ மகளுக்கு 'அடித்தோழி'. இதெல்லாம் பேர் இல்லைங்க, வேலை!

அந்த அடித்தோழி அங்க நின்னு சொல்றதுதான் என்னை உலுக்கிப் போட்டுச்சு. கண்ணகி விடியறதுக்கு முன்னாடி கோவலனோட வீட்டை விட்டுக் கிளம்பினப்போ, பெத்த தாய்க்கும் சொல்லலையாம், அவளை வளர்த்த என் தாய்க்கும் சொல்லலையாம், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லலையாம். 'வளர்த்தவ', 'என்னைப் பெத்தவ' ரெண்டும் ஒரே ஆள். தன்னைப் பெத்தவ இன்னொருத்தி பிள்ளையை வளர்த்தா, அந்தப் பிள்ளை சொல்லாம போயிடுச்சு. இளங்கோ இந்த இடத்துல அழ வைக்கணும்னு எதுவும் பண்ணலை, சும்மா சொல்லிட்டுப் போறார்.

தொல்காப்பியத்துலயும் இது விதியாவே இருக்கு. தலைவியோட தோழி யாருன்னா செவிலியோட மக. நாம இதை இலக்கண வகுப்புல மதிப்பெண்ணுக்குப் படிச்சுட்டு மறந்துட்டோம். ஆனா இதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. அம்மா பெரிய வீட்டுல பிள்ளை வளர்க்கிறா. அவ பொண்ணுக்கும் அதே வீட்டுல அதே பிள்ளைக்கு எடுபிடி. வேலை பரம்பரையா இறங்குது. சம்பளம், விலகிப் போற உரிமை இதைப் பத்தியெல்லாம் நூல்கள்ல ஒரு வார்த்தை கிடையாது. தலைவி கல்யாணம் ஆகிப் போயிட்டா. தோழிக்கு யார் கல்யாணம் பண்ணி வச்சா? ரெண்டாயிரம் வருஷமா யாருமே கேட்காத கேள்வின்னு நினைக்கிறேன்.

சோழர் காலத்துக்கு வந்தா வேளம்னு ஒண்ணு வருது. தஞ்சாவூர்லயும் மத்த சோழ நகரங்கள்லயும் அரண்மனைப் பணிப்பெண்கள் குடியிருந்த பகுதி. ராணி பேர்ல, ராஜா பேர்ல தனித்தனி வேளங்கள் இருந்திருக்கு. போர்ல பிடிச்சுக்கிட்டு வந்த பெண்களும் அதுக்குள்ள உண்டு. பெரிய கோயில் நிழல்ல நின்னு ராஜராஜன் புகழ் பாடறப்போ (நானும் பாடினவன்தான்) இதுவும் கொஞ்சம் ஞாபகத்துல இருக்கணும். இளவரசர்களைத் தூக்கிச் சுமந்த கைகள் அங்கேர்ந்துதான் வந்திருக்கணும்னு எனக்குத் தோணுது.

இனி கடற்கரைக்கு வருவோம். நாகப்பட்டினம் முதல்ல போர்ச்சுகீசியர்கிட்ட, 1658-லேர்ந்து டச்சுக்காரன்கிட்ட, 1781-ல இங்கிலீஷ்காரன்கிட்ட. பக்கத்துல தரங்கம்பாடி 1620-லேர்ந்து 1845 வரைக்கும் டேனிஷ்காரன்கிட்ட. யார் ஆண்டாலும் வீட்டுக்குள்ள வேலையாட்களோட பேசறதுக்கு ரொம்ப காலம் உடைஞ்ச போர்ச்சுகீசுதான். சீகன்பால்கு 1706-ல தரங்கம்பாடியில வந்து இறங்கினவுடனே தமிழோட சேர்த்துப் போர்ச்சுகீசும் தேவைப்பட்டது இதனாலதான். கூட வந்த புளூட்ஷோ போர்ச்சுகீசு பேசற கூட்டத்தைப் பாத்துக்கிட்டார். 1707 மே மாசம் அவங்க முதன்முதலா ஞானஸ்நானம் கொடுத்த அஞ்சு பேரும் யார் தெரியுமா? டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள். தமிழ் அச்சகம், முதல் தமிழ் பைபிள்னு தரங்கம்பாடியைப் பத்தி நாம எழுதறப்போ இந்த அஞ்சு பேர் ஒரு வரியில வந்து போயிடறாங்க. ஆயாங்கிற சொல் இந்த மாதிரி சமையல்கட்டு, தொட்டில் பக்கமாத்தான் தமிழுக்குள்ள நுழைஞ்சிருக்கணும்.

அப்புறம் கம்பெனிக்காரன் காலம். துரைசானிகள் பிள்ளைகளோட ஊருக்குத் திரும்பறப்போ கப்பல்ல பிள்ளையைப் பாத்துக்க ஆயாவையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. மாசக்கணக்கான கப்பல் பயணம். 1869-ல சூயஸ் கால்வாய் திறந்தப்புறம் பயணம் சுருங்கினதும் போக்குவரத்து கூடிடுச்சு. லண்டன்ல போய் இறங்கினதும் பல குடும்பங்களுக்கு ஆயா தேவையில்லை. திரும்ப அனுப்பறோம்னு சொன்னதெல்லாம் கப்பல்லேயே கரைஞ்சு போயிடும். 1908-ல இப்படி ஒரு ஆயாவை கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துல கையில ஒரு பவுண்டோட விட்டுட்டுப் போன விவகாரம் இந்தியா ஆபீஸ் கோப்பு வரைக்கும் போயிருக்கு.

இவங்களுக்குன்னே லண்டன்ல 'ஆயாக்கள் இல்லம்'னு ஒண்ணு இருந்தது. முதல்ல ஆல்ட்கேட் பகுதியில, 1900-லேர்ந்து ஹாக்னியில, லண்டன் சிட்டி மிஷன் நிர்வாகத்துல. வருஷத்துக்கு நூறு பேர் வரைக்கும் அங்க தங்கிப் போயிருக்காங்க. இந்தியாக்காரங்க மட்டும் இல்லை, சீனப் பெண்களும்கூட. ஏற்பாடு சுவாரசியமா இருக்கும். கூட்டிக்கிட்டு வந்த குடும்பம் ஆயாவோட திரும்பற டிக்கெட்டை இல்லத்துல கொடுத்துட்டுப் போகும். அந்தப் பக்கம் இந்தியா கிளம்புற இன்னொரு குடும்பத்துக்கு ஆயா வேணும்னா, இல்லத்துக்காரங்க அந்த டிக்கெட்டை அவங்ககிட்ட வித்துடுவாங்க. அந்தக் காசுல ஆயா தங்கற செலவு. திரும்பிப் போறப்பவும் சும்மா போகலை, வேற பிள்ளையைச் சுமந்துக்கிட்டே போகணும்! திருமதி அந்தோணி பெரைரான்னு ஒரு ஆயா 54 தடவை கடல் தாண்டினதா 1922-ல ஒரு ஆங்கிலப் பத்திரிகையில பதிவாகியிருக்கு. பேர் தெரிஞ்ச அபூர்வமான ஆள். அதுவும் புருஷன் பேர்ல, போர்ச்சுகீசிய வால் வச்ச பேர். 54 தடவை போய் வந்த காலத்துல அவங்க வீட்டுல அடுப்பு எரிய வச்சது யாரோ.

ரோசினா விஸ்ராம் 1986-ல எழுதின புத்தகம்தான் இவங்களை வரலாற்றுக்குள்ள கொண்டு வந்தது. ஹாக்னியில அந்தக் கட்டடத்துல நீலப் பலகை மாட்டினது 2022-ல.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிட்டுப் போக முடியாது. நம்ம வீட்டுக்கு வருவோம்.

எங்க அம்மா ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. மிராசு வீடுன்னு சொல்ற அளவுக்குப் பெரிய வீடு இல்லை, ஆனா அந்த நடைமுறை எல்லாம் உண்டு. பண்ணை வேலை பாத்த தலித் பெண்கள் கொல்லைப்புறம், மாட்டுக்கொட்டிலோட நின்னுடணும். பிள்ளையைத் தூக்கற வேலைக்கு வேற சாதி. அப்படி எங்க வீட்டுக்கு வந்தவங்க ஒருத்தர். அம்மா, சித்திகள், மாமா எல்லாரையும் வளர்த்தவங்க, பின்னாடி எங்களையும் வளர்த்தாங்க. காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலுக்கு நடுவுல போட்டு, ரெண்டு கையாலயும் எண்ணெய் நீவி, சூடு பதம் பாத்துத் தண்ணி ஊத்தி, சாம்பிராணி காட்டி, உரைமருந்து உரைச்சுக் கொடுத்து... அந்த வேலையில அவங்க வச்சதுதான் சட்டம், பாட்டிகூட வாயைத் திறக்க மாட்டாங்க. மத்த நேரமெல்லாம் வீட்டுக்கூடத்துல அவங்க உட்கார்ந்து நான் பாத்ததே இல்லை. சாப்பாடு பின்கட்டுல, தனித் தட்டு. பாட்டி வயசுக்காரங்களை அஞ்சு வயசுப் பொடியன்கள் நாங்க பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், 'வா', 'போ'ன்னு. அவங்க எங்களை 'வாங்க தம்பி'ம்பாங்க. கூலி மாசத்துக்கு இத்தனை மரக்கால் நெல், பொங்கலுக்குப் புடவை.

உரைமருந்துன்னு சொன்னேன் இல்லையா, அதுல முக்கியமானது வசம்பு. தமிழ்ல அதுக்குப் 'பிள்ளை வளர்ப்பான்'னு ஒரு பேர். ராத்திரியில பேரைச் சொல்லக்கூடாதுன்னு 'பேர் சொல்லாதது'ன்னும் சொல்வாங்க.

அவங்க பாடுற தாலாட்டுல மாமன் வருவான், தங்கத்தொட்டில் கொண்டு வருவான், யானை மேல சீர் கொண்டு வருவான். எல்லாம் எங்க மாமன். அவங்க அண்ணன் அப்போ எந்த வயல்ல கூலிக்கு நின்னுக்கிட்டிருந்தாரோ. என் தங்கச்சி பிறந்தப்போ அவங்களுக்கு முடியாம போக, 'பிள்ளையை இடுப்புல வச்சுக்க'ன்னு அவங்க பேத்தி வந்தா. பத்து வயசு இருக்கும். எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. நான் பள்ளிக்கூடம் போவேன், அவ தங்கச்சியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிப்பா. தொல்காப்பியர் சொன்ன விதி எங்க வீட்டுல ஒரு தலைமுறை தள்ளி அப்படியே நடந்துக்கிட்டிருந்தது.

வயல்ல நின்ன அம்மாக்கள் நிலைமை இதைவிட மோசம். கீழத்தஞ்சையில நடவுக்குப் போன பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீங்க. கரையில மரத்துல தூளி தொங்கும், கைக்குழந்தை வீல்னு கத்தும், கரையேறிப் பால் கொடுக்கக் காரியக்காரர் அனுமதி கிடைக்காது. தூளியை ஆட்ட ஒரு அக்கா இருப்பா, அவளுக்கு ஆறோ ஏழோ வயசு. சம்பளமில்லாத ஆயா. அந்தச் சாணிப்பால், சவுக்கடிக் காலத்தை எதிர்த்துத்தான் சீனிவாசராவ் தலைமையில விவசாயச் சங்கம் எழுந்தது, 1944-ல மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. 1952-ல தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். வெண்மணிக் கொடுமைக்கு அடுத்த வருஷம், 1969-ல, நியாயக் கூலிச் சட்டம். எல்லாம் வயலுக்கு. சண்டை போட்டு, ரத்தம் சிந்தி வாங்கினது.

வீட்டுக்குள்ள பிள்ளை தூக்கினவளுக்கு? சங்கம் வைக்க ஆள் சேரணுமே. வயல்ல இருபது பேர் வரிசையா நிப்பாங்க, வீட்டுக்குள்ள ஒருத்தி. அதுவும் 'நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி'ன்னு சொல்லிட்டா கூலி பேச வாய் வருமா? தமிழ்நாட்டுல வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது 2007-ல. குறைந்தபட்சக் கூலி அறிவிச்சது 2018-ல. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவுல 49 வருஷம். பதினாலு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு தடை வந்ததே 2006 அக்டோபர்லதான். அதுவரைக்கும் டெல்டா கிராமத்துச் சின்னப் பொண்ணுங்க 'சும்மா பிள்ளையைப் பாத்துக்கத்தான், படிக்க வைக்கிறோம்'னு சொல்லி மெட்ராஸுக்குப் பஸ் ஏத்தப்பட்டது எத்தனை பேருக்குத் தெரிஞ்ச கதை!

இப்போ பஸ் இல்லை, விமானம். மேட்டூர் அணை ஜூன் 12-ல திறக்காம 2012-லேர்ந்து எட்டு வருஷம் குறுவை தடுமாறினது ஞாபகம் இருக்கும். நடவு போச்சு, களையெடுப்பு போச்சு, பெண்களுக்கு இருந்த கூலி வேலை போச்சு. மெஷின் நடவு வேற. சில பேர் திருப்பூருக்கு, சில பேர் சிங்கப்பூர், குவைத்துன்னு பிள்ளை பாக்குற வேலைக்கு.

இதுல ஒரு விதியைக் கவனிச்சீங்களா? பத்தாவது தேறாத பெண், வளைகுடா மாதிரியான நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகணும்னா குறைஞ்சது 30 வயசு ஆகியிருக்கணும்னு இந்திய அரசு விதி வச்சது. சின்னப் பொண்ணுங்களை ஏமாத்தி அனுப்பிடக்கூடாதுங்கிற நல்ல எண்ணம்தான். இந்த வேலைக்கு ஆள் அனுப்பறதைத் தனியார் ஏஜென்டுகள்கிட்டேர்ந்து எடுத்து அரசு நிறுவனங்கள்கிட்ட கொடுத்ததும் அதுக்காகத்தான். ஆனா எங்க பக்கத்துக் கிராமத்துல முப்பது வயசுப் பொண்ணுன்னா யாரு? ரெண்டு பிள்ளைக்குத் தாய். மூத்தது அஞ்சாவது படிக்கும். விதியை ஒழுங்கா மதிச்சு ஆள் அனுப்பினா, அனுப்பற ஒவ்வொருத்தியும் அனேகமா ஒரு அம்மா. அங்க போய் இன்னொருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டுவா. இங்க அவ பிள்ளைக்கு அவளோட அம்மா ஊட்டுவா, அந்த அம்மா அறுபது வயசுக்கு மேல.

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எதிர்ச்சாரியில ஒரு வீட்டுல அப்படித்தான். அம்மா குவைத்துல. பொடிசு ஒண்ணு பாட்டியை 'அம்மா'ங்குது, போன்ல வர்ற அம்மாவை 'குவைத்தம்மா'ங்குது. வெள்ளிக்கிழமைன்னா வீடியோவுல வருவாங்களாம். நான் இருந்த அன்னிக்கு வெள்ளிக்கிழமை. அந்தப் பக்கம் அவங்க தோள்ல ஒரு அரபிக் குழந்தை தூங்கிக்கிட்டிருந்தது. அது முழிச்சுக்கும்னு சன்னமாத்தான் பேசினாங்க. பாட்டிக்குக் காது மந்தம், 'சத்தமா சொல்லுடி'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.